இம்பெர்ஃபெக்தோவில் காலத்தின் நீளம் கணக்கில்லை

ஸ்பானிய மொழியில், நடந்துகொண்டிருந்ததையும் வழக்கமாக நடந்ததையும் சொல்லும் இறந்தகாலமான இம்பெர்ஃபெக்தோவின் விகுதிகள் இரண்டே நாளில் மனப்பாடமாகிவிடும். ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ஆபா, ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் வினைகளுக்கு ஈயா. அதில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. ஆனால் சென்ற வாரம் ஒரு மாணவி ‘பிபீயா சின்கோ ஆன்யோஸ் என் மாத்ரித்’ என்று எழுதிக் கொடுத்தார். மாத்ரித்தில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தேன் என்று சொல்ல நினைத்திருக்கிறார். என் பழைய பிழை அப்படியே! அதையும் வழக்கமாக வரும் வேறு சில பிழைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெடுங்காலம் நடந்தால் இம்பெர்ஃபெக்தோ என்று நம்புவது

வலென்சியாவில் நான் குடியிருந்த வீட்டுப் பாட்டியிடம் இதே வாக்கியத்தைச் சொன்னேன். காபியைக் கலக்கிய கரண்டியை நிறுத்தி என் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு, ‘இ?’ என்றார். ‘சரி, அப்புறம்?’ என்று பொருள். என்னிடம் அப்புறம் எதுவும் இல்லை.

பிபீயா என்றதும் கேட்பவர் மனத்தில் ஒரு காட்சி விரிகிறது. அந்தக் காட்சிக்குள் என்ன நடந்தது என்று காத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் ஆந்த்ரேஸ் பெய்யோ இதைக் ‘கோப்ரெதேரித்தோ’ என்றார்: இன்னொரு இறந்தகால நிகழ்வோடு உடனிருப்பது.

‘ஐந்து ஆண்டுகள்’ என்று எல்லை கட்டிவிட்டால் அது முடிந்த கணக்கு. முடிந்துபோனதைச் சொல்லும் இறந்தகாலமான இந்தெஃபினீதோ, அதாவது ‘பிபி’தான் வரவேண்டும். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ 1939 முதல் 1975 வரை, 36 ஆண்டுகள் ஆண்டார். அதற்கும் ‘கோபெர்னோ’தான், ‘கோபெர்னாபா’ அல்ல. இத்தனை சொல்லியும் மாணவர்கள் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தே வினையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான், ஏனென்றால் உரைகல் நம் தாய்மொழியிலேயே இருக்கிறது.

‘சின்ன வயதில் ஆற்றுக்குப் போவோம், மணிக்கணக்கில் நீந்துவோம்’ என்று நடந்து முடிந்ததைச் சொல்கிறோம் அல்லவா? அந்த ‘வோம்’ பொருந்தும் இடத்தில் இம்பெர்ஃபெக்தோ வரும்: நாதாபாமோஸ். ‘மாத்ரித்தில் ஐந்து ஆண்டுகள் வாழ்வேன்’ என்று பழங்கதை சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும்.

அந்த ‘வோம்’ விகுதியை எதிர்காலமாகவே பெயர்ப்பது

நாதாரேமோஸ் என்றால் இனிமேல் நீந்தப் போகிறீர்கள்.

வேரை மாற்றுவது

ஹுவேகோ (விளையாடுகிறேன்), ஆனால் ஹுகாபா. துவேர்மோ (தூங்குகிறேன்), ஆனால் தோர்மீயா. நிகழ்காலத்தில் மாறும் வேர் இங்கே மாறாது.

‘யோ’வை (‘நான்’) விழுங்குவது

ஆப்லாபா என்றால் நானும் பேசியிருக்கலாம், அவளும் பேசியிருக்கலாம். குழப்பம் வரும் இடத்தில் ‘யோ ஆப்லாபா’ என்றே சொல்லுங்கள்.

அழுத்தக்குறி

எழுத்தின் மேல் இடும் இந்தக் குறி ஆர் வினையில் நோசோத்ரோஸ் (‘நாங்கள்’) வடிவத்துக்கு மட்டும். வழக்கமான ஏர், ஈர் வினைகளில் ஆறு வடிவங்களுக்கும்.