பண்டிகைக்கு இரு வண்ண சாக்ஸ் பின்னுவது

குளிர்காலப் பண்டிகைக்குள் முடிய வேண்டுமானால் இலையுதிர் காலத்திலேயே தொடங்குங்கள். சாக்ஸ் நூல் 100 கிராம் (சுமார் 400 மீட்டர்), பூவேலைக்கு (இரு நிற நூலால் பின்னும் டிசைன்) வேறு நிறத்தில் 25 கிராம். 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் கலந்ததே நல்லது. வெறும் கம்பளி குதிகாலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அடர்சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

2.5 மி.மீ. ஊசியில் தளர்வாக 64 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) ஏற்றி, நான்கு ஊசிகளில் 16 வீதம் பிரித்து, ஐந்தாவதால் பின்னுங்கள். வட்டமாக இணைக்கும்போது முறுக்கு விழுந்தால் பின்னியதை அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. 2 நிட் (நேர்ப் பின்னல்), 2 பர்ல் (எதிர்ப் பின்னல்) என 15 சுற்று.

அடுத்தது பூவேலை, பலர் சறுக்கும் இடம். 8 கண்ணி டிசைன் 64-இல் மீதியின்றி அடங்கும். பின்பக்கம் ஓடும் நூல் இறுகினால் பின்னல் விரியாது, சாக்ஸ் குதிகாலைத் தாண்டி ஏறாது. அதனால் வலது ஊசியில் கண்ணிகளை விரித்துவிட்டே நிறம் மாற்றுங்கள். இப்பகுதிக்கு மட்டும் 2.75 மி.மீ. ஊசி எடுக்கலாம். ஒரே நிறம் 5 கண்ணிக்கு மேல் தொடர்ந்தால் மற்ற நூலைப் பின்பக்கத்தில் பின்னும் நூலோடு இடையில் ஒருமுறை சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கால்விரல் மாட்டும்.

குதிகாலுக்கு 32 கண்ணியில் மட்டும் 32 வரிசை. வரிசைதோறும் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்தினால், ஓரத்துக்கு 16 வளையம் கிடைக்கும். குதிகாலைத் திருப்பியதும் (குறுகிய வரிசைகளால் அதன் வளைவைப் பின்னியதும்) அந்த வளையங்களில் கண்ணி எடுத்து, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டு குறைத்து மீண்டும் 64-க்கு வாருங்கள். பாத நீளம் முடிய இன்னும் 5 செ.மீ. இருக்கும்போது விரல் பகுதி: ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் 4 குறைத்து, 16 மிஞ்சியதும் எட்டெட்டாக வைத்துத் தைத்து இணையுங்கள்.