பரபரப்பு விளம்பரம்: கையெழுத்திடும் முன்னும், கைமீறிய பின்னும்

அறிக்கை எழுதித் தருவது என் தொழில். நிறுவனங்களும் கலைஞர்களும் நல்ல சேதி சொல்ல வரும்போதும் எழுதுகிறேன். ஊர் வாயில் விழுந்துவிட்டு வரும்போதும் எழுதுகிறேன். இரண்டாம் வகையினர் வந்தால், முதலில் அவர்களுடைய விளம்பரத் திட்டத் தாளைக் கேட்டு வாங்குவேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொண்ட அந்தத் தாளிலேயே சிக்கல் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். யாரும் அந்தக் கண்ணோடு படித்திருக்க மாட்டார்கள். நாளை அப்படியொரு தாளில் கையெழுத்திடப் போகிறவருக்கும், நேற்று கையெழுத்திட்டுவிட்டு இன்று தொலைபேசியை எடுக்கத் தயங்குகிறவருக்கும் இதை எழுதுகிறேன்.

யாரைக் கேட்கவில்லை?

தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் போடுங்கள். இந்த நிகழ்ச்சியில் சிக்கப்போகிறவர்கள், ஆனால் சம்மதம் கேட்கப்படாதவர்கள் யார் யார்? சாலையில் போகிறவர், பணியில் இருக்கும் காவலர், செய்தியாளர், கலைஞரின் தாயார், கிளையில் கல்லாவில் நிற்கும் ஊழியர். திட்டக் கூட்டத்தில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது. அடி விழும்போது முதலில் விழுவது இவர்கள்மீதுதான். ஆகவே வேறெந்தக் கேள்வியையும்விட இந்தப் பட்டியலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், நிதி திரட்டுவதற்காக ஓர் அறப்பணி அமைப்பு ஏறத்தாழ 15 லட்சம் பலூன்களை ஒரே வீச்சில் வானில் விட்டது. உலக சாதனை படைக்கும் ஆசை. மழை நெருங்கியதால் குறித்த நேரத்துக்கு முன்பே விட்டார்கள். மழையும் குளிர்காற்றும் பலூன்களைக் கீழே அழுத்தின. விமான நிலையத்தில் ஓடுபாதையை மூட வேண்டியதாயிற்று. ஈரி ஏரியில் காணாமல்போன இரண்டு மீனவர்களைக் கடலோரக் காவல்படை அப்போது தேடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதப்பது மனிதத் தலையா, பலூனா என்று பிரித்தறிய முடியாமல் மீட்புப் படையினர் திணறினார்கள். அந்த இருவரும் பின்னர் சடலமாகத்தான் கிடைத்தார்கள். பலூன்கள்தாம் அவர்களைக் கொன்றன என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லச் சான்றில்லை. ஆனால் நிதி திரட்ட வந்த ஓர் அமைப்பு, யாரோ இருவரின் குடும்பத்தாருக்கு அந்த நாளை அப்படி ஆக்கியிருக்கவே கூடாது. காற்றும் ஏரியும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளும் அங்கேதான் இருந்தன.

பாஸ்டன் நகரில் 2007 ஜனவரி 31 அன்று நடந்தது வேறு வகை. ஒரு கார்ட்டூன் தொடருக்காக, ஒளிரும் சிறு பலகைகளைப் பாலங்களிலும் பொது இடங்களிலும் மாட்டியிருந்தார்கள். கம்பிகளும் பேட்டரிகளும் தெரிந்த பலகைகள். வெடிகுண்டு என்று அஞ்சி நகரின் சாலைகளும் பாலங்களும் மூடப்பட்டன. கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியை நடத்திய டர்னர் நிறுவனமும் விளம்பர ஏஜென்சியும் 20 லட்சம் டாலர் கொடுத்தன. கார்ட்டூன் நெட்வொர்க்கின் தலைவர் பதவி விலகினார். மொத்தம் பத்து நகரங்களில் இதே பலகைகள் மாட்டப்பட்டிருந்தன. ஒன்பதில் இப்படி எதுவும் நடக்கவில்லை. ‘மற்ற இடங்களில் பிரச்சினை வரவில்லையே’ என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் இந்தப் பத்தாவது நகரத்தைச் சொல்லுங்கள்.

பொது இடம் என்றால், எழுத்தில் வாங்கிய அனுமதியின் நகல் கைக்கு வராமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அது மட்டும் போதாது. அன்று பணியில் இருக்கும் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் பொருளின் படம், மாட்டப்படும் இடங்களின் பட்டியல், எந்த நேரத்திலும் எடுக்கும் ஒருவரின் தொலைபேசி எண் மூன்றும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘முன்கூட்டிச் சொன்னால் ரகசியம் கெட்டுவிடும்’ என்பார்கள். காவல்துறைக்குச் சொன்னால் கெட்டுவிடும் ரகசியத்தை நடத்தவே வேண்டாம்.

எல்லோரும் கேட்டு வந்துவிட்டால்?

பரிசு, இலவசம், சவால் எதுவானாலும் ஒரு கணக்கு போட்டாக வேண்டும். தகுதியுள்ள அத்தனை பேரும் கேட்டு வந்தால் எவ்வளவு ஆகும்? ‘வழக்கமாக இத்தனை பேர்தான் வருவார்கள்’ என்ற வரி தாளில் இருந்தால் நான் அதை அடித்துவிடுவேன்.

வீட்டுத் தூசி உறிஞ்சிகள் செய்யும் ஹூவர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை 1992-இல், 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு பேருக்குப் போக வர விமான டிக்கெட் இலவசம் என்றது. அமெரிக்காவுக்கான டிக்கெட்டும் அதில் சேர்ந்தபோது, பொருளின் விலையைவிடப் பரிசின் விலை பல மடங்காகிவிட்டது. படிவங்களை நிரப்பிச் சலித்துப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருந்தார்கள். மக்கள் விடவில்லை. நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பவுண்டு போயிற்று. அதன் ஐரோப்பியப் பிரிவு பின்னர் விற்கப்பட்டது. பணத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த நம்பிக்கை. வாடிக்கையாளர் களைத்துப்போவார் என்பதை ஆதாரமாக வைத்துப் பரிசு அறிவிப்பது அவரை ஏமாற்றுவதுதான்.

அதே ஆண்டு பிலிப்பைன்ஸில் பெப்சி, மூடிக்குள் எண் அச்சிட்டுப் பரிசுப் போட்டி நடத்தியது. மே 25 அன்று வென்ற எண்ணாக 349 அறிவிக்கப்பட்டது. பத்து லட்சம் பேசோ கிடைக்க வேண்டிய எண் அது. ஆனால் அதே எண் கொண்ட மூடிகள் ஏறத்தாழ எட்டு லட்சம் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. தகுந்த பாதுகாப்புக் குறியீடு இல்லாத மூடிகள் செல்லாது என்று நிறுவனம் சொல்லி, நல்லெண்ணத்தின் பேரில் 500 பேசோ தருவதாக அறிவித்தது. தன் வீட்டின் வறுமை தீர்ந்தது என்று ஓர் இரவு நம்பியவரிடம் குறியீட்டைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? லாரிகள் எரிந்தன, கலவரத்தில் உயிர்களும் போயின. அச்சகத்துக்குப் போகும் பட்டியலும் அறிவிக்கும் பட்டியலும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று, போட்டியில் சம்பந்தமில்லாத ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். இதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வேடிக்கைக்காகச் சொல்லும் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 1996-இல் பெப்சி, பானம் வாங்கிச் சேர்க்கும் புள்ளிகளுக்குப் பரிசு தரும் ஒரு விளம்பரத்தில், 70 லட்சம் புள்ளிகளுக்கு ஹாரியர் போர் விமானம் என்று காட்டியது. ஒரு புள்ளியைப் பத்து சென்ட்டுக்கு வாங்கலாம் என்பதும் விதியில் இருந்தது. ஏறத்தாழ 7 லட்சம் டாலர் காசோலையோடு ஒரு மாணவர் வந்து விமானத்தைக் கேட்டார். அது நகைச்சுவை என்று 1999-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. நிறுவனம் வென்றதுதான், ஆனால் அதற்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உங்கள் விதிகளைக் கூர்மையான ஓர் இளைஞரிடம் கொடுத்து, ‘இதில் எங்கே எங்களை மடக்கலாம்?’ என்று கேளுங்கள். அவருக்குத் தரும் ஊதியம் வழக்கறிஞர் கட்டணத்தில் சிறு துளிகூட ஆகாது.

பொய்

இங்கே நான் பேரம் பேசுவதில்லை. இறப்பு, நோய், விபத்து, கடத்தல் இவற்றைப் பொய்யாக அறிவிக்கும் திட்டத்தை யார் கொண்டுவந்தாலும் எழுதித் தர மறுத்துவிடுவேன். ஒரு நடிகரின் மேலாளர், படப்பிடிப்பில் நடிகருக்குப் பலத்த காயம் என்று இரண்டு நாள் செய்தி ஓடட்டும் என்றார். ‘அவருடைய அம்மாவுக்கு யார் சொல்லப்போகிறீர்கள்?’ என்று கேட்டேன். அம்மாவுக்கு மட்டும் முன்பே சொல்லிவிடலாம் என்றார். அவருடைய ரசிகர்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள், ரத்தம் கொடுக்க மருத்துவமனை வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வேலை என் கையால் நடக்கவில்லை.

2024 பிப்ரவரி 2 அன்று, கருப்பை வாய்ப் புற்றுநோயால் நடிகை பூனம் பாண்டே இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. மறுநாள் அவரே காணொளியில் தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்ததாகச் சொன்னார். பின்னணியில் இருந்த ஏஜென்சி மன்னிப்புக் கேட்டது. நோக்கம் நல்லது என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். அந்த நோயோடு போராடிக்கொண்டிருந்த பெண்களும், அதனால் மகளை இழந்தவர்களும் அந்த அறிவிப்பைப் படித்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

உயிர் சம்பந்தப்படாத பொய்யும் விலை கேட்கும். 2021 மார்ச் இறுதியில் ஃபோக்ஸ்வாகனின் அமெரிக்கப் பிரிவு, தன் பெயர் ‘வோல்ட்ஸ்வாகன்’ ஆகப்போவதாக அறிவித்தது. இது ஏப்ரல் முதல் தேதி வேடிக்கையா என்று செய்தியாளர்கள் நேராகவே கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. பிறகு, ஆமாம் வேடிக்கைதான் என்றார்கள். டீசல் புகைச் சோதனையில் மோசடி செய்தது 2015-இல் அம்பலமான நிறுவனம் அது. நம்பிக்கையைத் திரும்பச் சேர்க்க வேண்டிய காலத்தில், கேள்வி கேட்ட செய்தியாளரிடம் பொய் சொன்னார்கள்.

சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் கோடு தெளிவாகவே இருக்கிறது. ‘இப்போது இதைப் பற்றிப் பேச இயலாது’ என்று சொல்லலாம். ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது.

கலைஞர்களுக்குச் சுருக்கமாக ஒன்று: பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால், வாங்கியதை அதே பதிவில் சொல்லிவிடுங்கள். ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பரிந்துரைக்க 2.5 லட்சம் டாலர் பெற்றதை வெளியிடாததற்காக, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துடன் 12.6 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

கைமீறிய பிறகு

முதல் வேலை, நேரம் குறித்து வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும் நிறுத்துவது. மக்கள் கொதித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பக்கத்தில் தள்ளுபடி அறிவிப்பு தானாக வந்து விழுந்தால், அதற்குப்பின் நீங்கள் எழுதும் எந்த வருத்தத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாவது, பாதிக்கப்பட்டவரோடு பேசுவது. ஊடகத்துக்கு முன்பு அவர். பேசுபவர் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். அதன் பிறகே அறிக்கை.

அறிக்கை எழுதப் பழக விரும்புகிறவர்களுக்கு யுனைடெட் ஏர்லைன்ஸின் அப்போதைய தலைவர் ஆஸ்கர் முனோஸ் 2017-இல் விடுத்த மூன்று செய்திகளை வரிசையாகப் படிக்கச் சொல்வேன். 2017 ஏப்ரல் 9 அன்று, விமான ஊழியர்கள் சிலருக்கு இடம் வேண்டும் என்பதற்காக, டிக்கெட் எடுத்து அமர்ந்திருந்த 69 வயது மருத்துவரை விமானத்திலிருந்து இழுத்துச் சென்றார்கள். ரத்தம் வழிந்த முகத்தை உலகமே காணொளியில் பார்த்தது. மறுநாள் வந்த முதல் செய்தி, பயணிகளை ‘மாற்றி அமர்த்த’ நேர்ந்ததற்கு வருந்தியது. இரண்டாவது ஊழியர்களுக்கு எழுதியது. அதில் பயணிதான் முரண்டு பிடித்தார் என்று இருந்தது. அதுவும் வெளியே வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் வந்த மூன்றாவதில்தான், எவரும் இப்படி நடத்தப்படக் கூடாது என்ற வரி வந்தது. முந்தைய மாதம்தான் மக்கள் தொடர்புத் துறையின் பத்திரிகை ஒன்று அவருக்கு ஆண்டின் சிறந்த தகவல் தொடர்பாளர் என்று விருது கொடுத்திருந்தது. திறமை இல்லாமல் நடந்ததல்ல. காணொளியில் எல்லோரும் கண்டதை அறிக்கை பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளவில்லை. குறை அங்கே இருந்தது.

ஆகவே எழுதும்போது: யாருக்கு என்ன செய்தோம் என்பது முதல் வரி, செய்வினையில். ‘நடந்துவிட்டது’ வேண்டாம், ‘செய்தோம்’ வேண்டும். அடுத்து, இப்போது என்ன நிறுத்தியிருக்கிறோம். அடுத்து, எத்தனை மணிக்கு மறுபடி பேசுவோம். அந்த மணிக்குப் புதிய தகவல் இல்லாவிட்டாலும் பேச வேண்டும். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்ற சொற்றொடரை நான் கண்ட இடத்தில் எடுத்துவிடுகிறேன். புண்பட்டவர் கண்ணெதிரே நிற்கிறார். ‘தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது’ என்பதும் வேண்டாம்; குற்றத்தைப் படிப்பவர் தலையில் கட்டுகிற வேலை அது. எழுதி முடித்ததும் நிறுவனத்தைச் சேராத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் வரியை மாற்றுங்கள்.

நகைச்சுவை எப்போது செல்லும்? யாருக்கும் காயமில்லாதபோது, தவறு முழுக்க உங்களுடையதாக இருக்கும்போது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் விநியோக நிறுவனத்தை மாற்றிய கே.எஃப்.சி., கோழி வந்து சேராமல் பாதிக்கு மேற்பட்ட கடைகளை மூட நேர்ந்தது. தன் பெயரின் மூன்று எழுத்துகளை இடம் மாற்றி, கெட்ட வார்த்தைபோல் ஒலிக்கவைத்து, முழுப் பக்க விளம்பரத்தில் மன்னிப்புக் கேட்டது. வாடிக்கையாளரோடு ஊழியர்களுக்கும் அதில் நன்றி இருந்தது. ஒருவர் உடலில் கீறல் பட்டிருந்தாலும் இந்த வழி அடைபட்டுவிடும்.

உயிர் போயிருந்தால் பார்க்க வேண்டியது 1982. சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்த டைலினால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தார்கள். அந்த மருந்தை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நஞ்சு கலக்கவில்லை. இருந்தும் நாடெங்கும் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது; அதன் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடு மருந்து மறுபடி கடைக்கு வந்தது. யார் குற்றம் என்று முடிவாகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

பேசாமல் இருப்பதே சரியான சமயமும் உண்டு. 2003-இல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட், கலிபோர்னியக் கடற்கரையின் ஆயிரக்கணக்கான படங்களுள் ஒன்றில் தன் வீடு தெரிகிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படத்தைத் தரவிறக்கியது ஆறு முறை; அவற்றில் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள் செய்தவை. வழக்குச் செய்திக்குப் பின் ஒரே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். வழக்கும் தோற்றது. ஆகவே வழக்கறிஞர் கடிதம் அனுப்பும் முன், அந்தச் செய்தியை இதுவரை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அறிக்கை பொதுமக்களுக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பாவது கல்லாவிலும் தொலைபேசி மையத்திலும் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டும். கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது, யாருக்கு இணைப்பைக் கொடுப்பது, வசை எல்லை மீறினால் பேச்சை முடித்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டா என்பதையும் அதோடு எழுதி அனுப்புங்கள். அந்த வாரம் அவர்களுக்குக் கூடுதல் ஆட்களையும், கூடுதல் வேலைக்கான ஊதியத்தையும் விளம்பரச் செலவுக் கணக்கிலிருந்தே கொடுங்கள்.