எழுது, அழி: சலித்துப்போன டீமுக்கு ஒரு விளையாட்டு

டிக்கெட் (ஒதுக்கப்பட்ட வேலை) மூடி மூடியே சாஃப்ட்வேர் டீம் சலித்துப்போனால் பீட்சா பார்ட்டி ஒரு மாலைக்குத்தான் தாங்கும். எங்களுக்குக் கைகொடுத்தது கோட் ரிட்ரீட் முறை: ஒரே சின்னக் கணக்குக்குச் சுற்றுச் சுற்றாகப் புரோகிராம் எழுதி, ஒவ்வொரு தடவையும் அழித்துவிடும் பயிற்சி. (ஆள் பற்றாக்குறையால் வந்த சோர்வுக்கு இது மருந்தல்ல, அங்கே வேலையைத்தான் குறைக்கணும்.)

கணக்கு, 1970-இல் வெளிவந்த கணித அறிஞர் ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்': கட்டம் போட்ட பலகையில் ஒவ்வொரு கட்டமும் உயிரோடோ செத்தோ இருக்கும், அடுத்த அடியில் என்ன ஆகும் என்பதை விதிகள் சொல்லும். உயிருள்ள கட்டத்தின் அண்டையில் 2 அல்லது 3 உயிர் இருந்தால் அது பிழைக்கும். செத்த கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 இருந்தால் பிறக்கும். மற்றதெல்லாம் சாவு.

ஜோடியாக உட்கார்ந்து, டெஸ்ட்டை (புரோகிராம் சரியா என்று சோதிக்கும் வரிகளை) முதலில் எழுதி, 45 நிமிடம். மணி அடித்ததும் எழுதிய புரோகிராம் முழுக்க டெலீட். கமிட், ஸ்டாஷ் என்று எந்த வழியிலும் சேமித்து வைக்கக் கூடாது. புதுசாக வருபவர்களுக்கு இதில்தான் மனசு வராது. ஆனால் அழிக்காவிட்டால் அடுத்த சுற்றில் பழையதையே ஒட்டுவார்கள், 'முடிச்சாகணும்' என்ற பதற்றமும் திரும்பிவிடும்.

அடுத்த சுற்றுக்கு ஜோடியை மாற்றி ஒரு கட்டுப்பாடு: புரோகிராமில் 'இஃப்' (நிபந்தனை வரி) கூடாது, மவுஸ் கூடாது, அல்லது வாயே திறக்கக் கூடாது. பேசாத சுற்றில்தான் சிரிப்பு அதிகம். ஒருவர் புரோகிராமில் ஒரு ஃபங்ஷனுக்கு 'டூஇட்' ('இதைச் செய்') என்று எதுவும் புரியாத பெயர் வைத்தால், பக்கத்தில் இருப்பவர் விழிப்பதைப் பார்க்கணும்!

மேனேஜர் மதிப்பெண் போட ஆரம்பித்தால் விளையாட்டு செத்தது. ஆபீஸ் நேரத்துக்குள், வெள்ளி மதியம், 2 சுற்று போதும். ரிலீஸ் வாரத்தில் வேண்டவே வேண்டாம்.