வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுடன் கோடை விடுமுறையைத் திட்டமிடுவது எப்படி?

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிப்பை மூலைக்குப் போகும் ஏப்ரல் மாதக் கடைசியிலிருந்து ஜூன் மாதத் தொடக்கம் வரை, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு வாரங்கள் கோடை விடுமுறை கிடைக்கிறது. பிள்ளைகளுக்கிடையே ஓரிரு வயதுதான் வித்தியாசம் என்றால் அவர்களே ஒருவருக்கொருவர் துணையாகிவிடுவார்கள். மதுரையில் இருக்கும் எங்கள் வீட்டில் மூத்த மகளுக்கு 14 வயது, நடு மகனுக்கு 9 வயது, கடைக்குட்டிக்கு 4 வயது. ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குச் சலிப்பு, ஒருவர் விழித்திருக்கும் நேரம் மற்றவருக்குத் தூக்க நேரம் என்ற நிலையில் விடுமுறையை எப்படி அமைப்பது என்பதை நாங்கள் சில கோடைகளில் தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம்.

முதல் தவறு, மூவருக்கும் தனித்தனியாக அட்டவணை போட்டது. ஒருத்திக்குக் கணினி வகுப்பு, ஒருவனுக்குக் கோடை முகாம், சின்னவனுக்கு ஓவிய வகுப்பு என்று சேர்த்துவிட்டதில், கொண்டுவிடுவதும் கூட்டி வருவதுமாகவே பகல் முழுவதும் கழிந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டு அதற்கு நேர்மாறாக, எல்லாவற்றுக்கும் மூவரையும் சேர்த்தே அழைத்துச் சென்றோம். பொழுதுபோக்குப் பூங்காவில் சின்னவனுக்கு உயரம் போதாமல் பாதி விளையாட்டுகளில் ஏற முடியவில்லை. அவன் அழுதான், பெரியவள் அவனோடு வெளியில் காத்து நின்றே களைத்தாள். இப்போது நாங்கள் பின்பற்றும் முறை இவை இரண்டிலும் சேராதது: வேலை ஒன்றாக இருக்கட்டும், அதற்குள் ஒவ்வொரு வயதுக்கும் ஓர் இடம் இருக்கட்டும், அதற்கு வெளியே ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறிது தனி நேரம் இருக்கட்டும்.

எதைத் திட்டமிடுவதற்கும் முன்னால் வெயிலையும் கடைக்குட்டியின் தூக்கத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மே 4 முதல் 28 வரையிலான கத்திரி வெயில் முழுவதும் விடுமுறைக்குள்ளேதான் வருகிறது. ஆகவே வெளி வேலை, விளையாட்டு, கடைக்குப் போவது ஆகிய அனைத்தையும் காலை 9 மணிக்குள்ளும் மாலை 5 மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை உணர்வதில்லை; கேட்கும்வரை காத்திராமல் மோர், பானகம், இளநீர், நுங்கு என்று நேரத்துக்கு நேரம் நீங்களே கொடுத்து வர வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ அடர் மஞ்சளாக இருந்தாலோ தண்ணீர் போதவில்லை என்று பொருள். நிறுத்திய காருக்குள் எந்த வயதுப் பிள்ளையையும் ஐந்து நிமிடம்கூடத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. அதற்குள்ளாகவே உள்ளே சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

சின்னவன் மதியம் தூங்கும் நேரம், பகல் 1 மணி முதல் 3 மணி வரை, வீட்டின் மிகப் பெரிய வசதி. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்கள் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் வீட்டில் அதைச் சின்னவனிடம் மட்டும் நடைமுறைப்படுத்த முடியாது. அதனால் மூத்த இருவருக்கும் உரிய திரை நேரத்தை அவன் தூங்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டோம். அவன் எழுந்ததும் கைப்பேசிகள் அலமாரிக்குப் போய்விடும். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அது வீட்டு வழக்கமாகிவிட்டது.

சேர்ந்து செய்யும் வேலைக்கு நான் முதலில் சொல்வது ஜவ்வரிசி வடாம். கோடை வெயில் இதற்கென்றே வாய்த்தது. மூவரின் வயதுக்கும் ஏற்ற உண்மையான வேலை இதில் உண்டு, பெயருக்குக் கொடுக்கும் வேலை அன்று. முந்தைய இரவு ஜவ்வரிசியைக் கழுவி ஊறவைப்பதும், காலையில் ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் அளந்து வைப்பதும் ஒன்பது வயதுக்காரனின் பொறுப்பு. பின்னக் கணக்கு அங்கே தானாக வந்து சேரும். அடுப்படியில் நின்று, மணிகள் கண்ணாடிபோல ஆகும்வரை அடிப்பிடிக்காமல் கிளறுவது மூத்தவளின் வேலை. கூழ் கொதித்துத் தெறித்தால் கையைச் சுட்டுவிடும் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சின்னவன் சமையலறைக்குள் அப்போது வரவே கூடாது. உப்பு, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் சேர்த்து இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சைச் சாற்றைப் பிழியலாம். காய்ந்தபின் உப்பும் காரமும் தூக்கலாகத் தெரியும் என்பதால் கூழில் இரண்டும் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். கடைக்குட்டிக்காக ஒரு கிண்ணம் கூழை மிளகாய் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

கூழ் ஆறும் நேரத்தில் மொட்டைமாடியைப் பெருக்கி, பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். கல் பொறுக்கிக் கொண்டுவந்து வைப்பது சின்னவன். நடுவிலவன் கரண்டியால் மொண்டு ஊற்ற, மூத்தவள் அதை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவாள். ஓர் ஓரத்தில் ஒரு முழம் இடத்தைச் சின்னவனுக்கென்று விட்டுவிடுங்கள். அங்கே அவன் ஊற்றுவது எந்த வடிவத்தில் இருந்தாலும் திருத்தாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் அனைவரும் கீழே இறங்கிவிட வேண்டும். காக்கை விரட்டும் காவல் பணியை மாடிப்படி நிழலில் உட்கார்ந்து முறை வைத்துச் செய்யலாம், அல்லது மேலே ஒரு மெல்லிய துணியை மூடிவிடலாம். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடாத்தை உரித்தெடுப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கட்டம். இன்னும் ஒன்றிரண்டு நாள் தட்டில் காயவைத்து, ஒடித்தால் உடையும் பதம் வந்ததும் டப்பாவில் அடைக்கலாம். ஒரு வேலை மூன்று நாள் நீள்கிறது என்பதே இதன் நன்மை. மறுநாள் காலையில் எழுந்ததும் பார்க்க ஏதோ ஒன்று மாடியில் காத்திருக்கிறது.

வீட்டுக்குள் விளையாடுவதிலும் இதே முறை உதவும். தாயத்தில் கட்டையை உருட்டுவது சின்னவன், காயை நகர்த்த முடிவு செய்வது அண்ணன் என்று இருவரையும் ஒரே கட்சியில் சேர்த்துவிட்டால், தோற்றாலும் சேர்ந்தே தோற்பார்கள். பல்லாங்குழியின் 14 குழிகளிலும் புளியங்கொட்டையை எண்ணிப் போடுவது நான்கு வயதுக்குப் போதுமான விளையாட்டு. விதிகளோடு ஆடுவது மற்ற இருவருக்கும். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டம் பெரியவளுக்கும் அப்பாவுக்கும் ஒரு முழு மாலையை எடுத்துக்கொள்ளும். கொட்டை, சோழி போன்ற சிறிய பொருள்களைச் சின்னப் பிள்ளை வாயிலோ மூக்கிலோ போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும், ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்கவும் மறக்க வேண்டாம்.

தனி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சின்னவன் அழுது தன் நேரத்தை வாங்கிக்கொள்கிறான். மூத்தவள் வாதாடி வாங்கிக்கொள்கிறாள். நடுப்பிள்ளைதான் எதையும் கேட்காமல் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறான். ஒரு கோடையின் முடிவில் அவனிடம், இந்த விடுமுறையில் உனக்கு எது பிடித்தது என்று கேட்டபோது, நெடுநேரம் யோசித்துவிட்டுத் தம்பிக்குப் பிடித்த ஒன்றைச் சொன்னான். அன்று எனக்கு மனம் கனத்தது. அதன் பிறகு வாரத்தில் ஒரு காலை அவனுக்கும் பெற்றோரில் ஒருவருக்கும் மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போவார்கள். ஒரு நாள் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய், பானை ஓட்டில் கீறியிருக்கும் எழுத்துகளைப் படிக்க முயன்றுவிட்டு வந்தார்கள். எங்கே போவது என்பதை அவன்தான் தீர்மானிப்பான். போகும் இடம் பெரியதாக இருக்க வேண்டிய தேவையில்லை. தெருமுனைக் கடையில் இருவரும் நின்று பருத்திப்பால் குடித்துவிட்டு வந்தாலும் போதும்.

மூத்த பிள்ளையைச் சம்பளமில்லாத ஆயாவாக ஆக்கிவிடாதீர்கள். பெண்பிள்ளையாக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு என்பதை அவளோடு பேசி முன்கூட்டியே வரையறுத்து, மீதி நேரத்தை அவளுக்கே விட்டுவிட வேண்டும். பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே பிந்திவிடுகிறது. இரவு தாமதமாகத் தூக்கம் வருவதும் காலையில் எழ முடியாமல் போவதும் சோம்பல் அன்று. வாரத்தில் இரண்டு நாள் அவள் விரும்பும்வரை தூங்கட்டும். சின்னவர்கள் உறங்கிய பிறகு ஒன்பது மணிக்கு மேல் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். பகலில் கேட்டால் வராத பதில்கள் அந்த நேரத்தில் கேட்காமலே வரும்.

அம்மாச்சி வீட்டுக்கோ அப்பத்தா வீட்டுக்கோ அனுப்பும் வழக்கம் இருவரும் வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பெரிய உதவி. மூன்று பிள்ளைகளைச் சமாளிப்பது வயதானவர்களுக்குக் கடினம் என்பதால் பத்து நாளுக்கு மேல் மூவரையும் சேர்த்து விட்டுவைக்காதீர்கள். மளிகைச் செலவையும் துணைக்கு ஓர் ஆள் வைக்கும் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் கிணறு, கண்மாய், மோட்டார்த் தொட்டி, திறந்த மின்கம்பி ஆகியவற்றை நேரில் பார்த்து வாருங்கள். கோடையில் நீர்நிலைகளில் நேரும் உயிரிழப்புச் செய்தி இல்லாத ஆண்டே இல்லை. நீச்சல் தெரிந்த பெரியவர் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தம்பியைப் பார்த்துக்கொள் என்று பெரிய பிள்ளையை நம்பி அனுப்புவதும் கூடாது. விழுந்தவரைக் காப்பாற்றத் தானும் குதிக்காமல், கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், கயிறோ துண்டோ வீச வேண்டும் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 108 என்ற எண் மூவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

வெளியூர்ப் பயணம் ஒன்று போதும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது; மே மாத நடுவில் போக வேண்டுமானால் மார்ச் மாத நடுவிலேயே இருக்கையைப் பிடிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை பயணச்சீட்டு வேண்டாம். 5 முதல் 11 வயது வரை தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 12 வயதிலிருந்து எப்படியும் முழுக் கட்டணம்தான்.

எங்களுக்கு ஏற்றதாக அமைந்தது மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7 மணியளவில் புறப்படும் நீலகிரி மலை ரயில். உதகை வரை 46 கிலோமீட்டர்தான் என்றாலும் ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது நீளம். நாங்கள் குன்னூரிலேயே இறங்கிவிட்டோம். கல்லாறு முதல் குன்னூர் வரைதான் தண்டவாளத்தின் நடுவே, இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்சட்டம் இருக்கிறது. இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதையும் அந்தப் பகுதியில் பார்க்கலாம். எனவே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியைப் பார்த்தாகிவிடும். பெரியவளுக்குப் பற்சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்ற வியப்பு, நடுவிலவனுக்குச் சுரங்கங்களை எண்ணும் வேலை, சின்னவனுக்குப் புகை. பிறகு குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மூவரும் ஓடுவதற்கு இடம். சொந்த வண்டியில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போவதாக இருந்தால், 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் பற்றிய அப்போதைய விதியைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரு நாளில் இரண்டு இடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மதியத் தூக்கத்தைப் பயணத்திலும் விடாதீர்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தை எந்த ஊருக்கும் கொடுக்காமல் வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். சீருடையையும் காலணியையும் அணிந்து பார்த்து, அளவு மாறியிருந்தால் கூட்டம் சேருமுன் வாங்கிவிடலாம். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் நாளுக்குக் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவந்தால் பெரியவளுக்கும் முதல் நாள் காலை கசக்காது. சின்னவன் அந்த ஜூனில்தான் முதன்முறையாகப் பள்ளிக்குப் போகிறான் என்றால், அந்த வாரத்தில் இரண்டு முறை அக்காவும் அண்ணனும் அவனைக் கையைப் பிடித்துப் பள்ளி வாசல் வரை நடத்திக் கூட்டிப்போய், எந்தக் கதவு வழியாக உள்ளே போவான், மாலையில் யார் எந்த மரத்தடியில் வந்து நிற்பார்கள் என்பதைக் காட்டிவிட்டு வரட்டும்.