ஒரு டப் நொதி உங்கள் புரதத்தைக் காப்பாற்றுகிறதா? சோதித்துப் பார்க்கும் வழி

செல்லில் ஒரு புரதத்தின் அளவு கூடியிருக்கிறது, அதே செல்லில், புரதங்களில் ஒட்டியிருக்கும் யுபிக்விட்டின் என்ற குறியைக் கழற்றும் டியுபிக்விட்டினேஸ் நொதி ஒன்றின் அளவும் கூடியிருக்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் டப் என்று சுருக்கிச் சொல்லும் அந்த நொதிதான் புரதத்தைச் சிதையாமல் காக்கிறது என்று உடனே எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த ஒரு வரிக்கு முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும், அதுவும் வரிசையாக வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால் பின்னால் செய்கிற சோதனை எவ்வளவு அழகாக வந்தாலும் எதையும் நிரூபிக்காது. புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்களுக்கும், 'இந்த டப் அந்தப் புரதத்தை நிலைப்படுத்துகிறது' என்ற கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துக் குழம்புகிறவர்களுக்கும் அந்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், எடை சுமார் 8.5 கிலோடால்டன். ஈ1, ஈ2, ஈ3 என்ற மூன்று வகை நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி அதைக் கொண்டுவந்து வேறொரு புரதத்தின் லைசினில் ஒட்டுகின்றன. ஒட்டிய யுபிக்விட்டின்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று சங்கிலி வளரும். யுபிக்விட்டினில் ஏழு லைசின்கள், அப்புறம் முதல் மெத்தியோனின். இந்த எட்டு இடங்களில் எதன் வழியாகச் சங்கிலி நீள்கிறது என்பதைப் பொறுத்துப் புரதத்தின் கதி மாறும். 48-வது லைசின் வழியாக நீளும் கே48 சங்கிலி பெரும்பாலும் புரோட்டியசோமுக்கு இட்டுச் செல்லும், அங்கே புரதம் துண்டுதுண்டாகிவிடும். கே63 சங்கிலி என்றால் சமிக்ஞை, டிஎன்ஏ பழுதுபார்ப்பு, செல் சவ்வில் இருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுப்பது என வேறு வேலைகள். யுபிக்விட்டின் வழியாகப் புரதம் சிதைவதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஆரோன் சிகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒட்டியதைக் கழற்றுவது டப்களின் வேலை. மனிதச் செல்லில் ஈ3 நொதிகள் 600-க்கும் மேல் இருக்க, டப்கள் சுமார் 100-தான். ஆகவே ஒவ்வொரு டப்புக்கும் இலக்குகள் பல. ஜாம் என்ற ஒரு குடும்பம் மட்டும் துத்தநாக அயனியை வைத்து வெட்டுகிறது, மற்ற குடும்பங்கள் எல்லாம் சிஸ்டீனை வைத்து வெட்டுகின்றன. இந்த வித்தியாசம் பஃபர் தயாரிக்கும்போது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு கூடியதா, ஆயுள் கூடியதா

புரதத்தின் அளவு கூட இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அதிகமாக உற்பத்தியாகிறது, அல்லது மெதுவாகச் சிதைகிறது. டப் இரண்டாவதைத்தான் நேரடியாகத் தொடும். எனவே முதல் வேலை எம்ஆர்என்ஏ அளவைப் பார்ப்பது. டப்பை நீக்கியதும் எம்ஆர்என்ஏவும் இறங்கிவிட்டால், அந்த டப் ஏதோ ஒரு படியெடுப்புக் காரணியைத் தொடுகிறது என்று பொருள்; உங்கள் புரதம் வெறும் பின்விளைவு.

எம்ஆர்என்ஏ மாறவில்லை என்றால் சைக்ளோஹெக்சிமைடு. புதுப் புரத உற்பத்தியை நிறுத்திவிட்டு, இருப்பது எப்படிக் குறைகிறது என்று நேரம் பிரித்து எடுத்துப் பார்ப்பது. மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. நேரப் புள்ளிகளை மற்றவர் கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்காமல் உங்கள் புரதத்துக்கு ஏற்ப வையுங்கள். அழுத்தம் எதுவும் இல்லாத செல்லில் பி53 என்ற புற்றுநோய் தடுப்புப் புரதத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நிமிடம்தான். அதற்கு 0, 4, 8 மணி நேரம் என்று எடுத்தால் முதல் புள்ளிக்கு அப்புறம் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் படம்) எதுவுமே இருக்காது. பல நாள் வாழும் புரதத்துக்கோ இந்த முறையே உதவாது, ஏனென்றால் புரதம் குறைவதற்குள் செல்கள் செத்துவிடும். அங்கே ஐசோடோப்பு ஏற்றிய அமினோ அமிலங்களைக் கொடுத்துப் பழைய புரதத்தையும் புதியதையும் பிரித்துப் பார்ப்பதுதான் சரி.

டப்பை நீக்கிய செல்லில் தொடக்கத்திலேயே பேண்ட், அதாவது பிளாட்டில் புரதத்தைக் காட்டும் கோடு, மங்கலாக இருக்கும். அதைக் கன்ட்ரோலின் தொடக்கத்தோடு ஒப்பிட்டு 'வேகமாகக் குறைந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு வரிசையையும் அதனதன் பூஜ்ய நேரத்தோடு ஒப்பிட்டு, மடக்கை அளவில் வரைந்து, சாய்வைப் பாருங்கள். சாய்வு மாறவில்லை என்றால் ஆயுள் மாறவில்லை.

எந்த வழியாகச் சிதைகிறது

புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132 போட்டால் அளவு மீள்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. ஆனால் எம்ஜி132 கால்பெய்ன், கதெப்சின் போன்ற வேறு புரோட்டியேஸ்களையும் தடுக்கும், அதனால் புரோட்டியசோமை இன்னும் குறிப்பாகத் தடுக்கும் போர்டெசோமிப் அல்லது கார்ஃபில்சோமிப் வைத்தும் ஒருமுறை பாருங்கள். பக்கத்திலேயே பாஃபிலோமைசின் ஏ1 போட்ட செல்லும் இருக்கட்டும், அது செல்லின் இன்னொரு சிதைவிடமான லைசோசோம் வழியைத் தடுக்கும்.

ஏன் இரண்டும் வேண்டும் என்பதற்கு யுஎஸ்பி8 என்ற டப் நல்ல உதாரணம். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் ஒரு வகைக் கட்டி ஏசிடிஎச் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து குஷிங் நோயை உண்டாக்குகிறது. இந்தக் கட்டிகளில் கணிசமான பங்கில் யுஎஸ்பி8 மரபணு மாறியிருக்கிறது என்று 2015-ல் தெரிய வந்தது. மாற்றங்கள் எல்லாம் ஒரே சிறு பகுதியில் குவிந்திருந்தன, 14-3-3 என்ற புரதம் வந்து பிடித்துக்கொள்ளும் இடத்தில். அந்தப் பிடி விட்டுப்போனால் நொதி வெட்டுப்பட்டு அதிக வேகத்தோடு வேலை செய்கிறது, வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஈஜிஎஃப் ஏற்பியிலிருந்து யுபிக்விட்டினைக் கழற்றிவிடுகிறது, லைசோசோமுக்குப் போக வேண்டிய ஏற்பி மீண்டும் செல்லின் மேற்பரப்புக்கே திரும்புகிறது. இங்கே புரோட்டியசோமை மட்டும் தடுத்துப் பார்த்திருந்தால் கதையின் மையமே கண்ணில் பட்டிருக்காது.

டப்பை நீக்குவது, திரும்ப வைப்பது

டப்பின் எம்ஆர்என்ஏவை அழித்து அதன் உற்பத்தியைக் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ, குறைந்தது இரண்டு வெவ்வேறு. அப்புறம், எஸ்ஐஆர்என்ஏ தொட முடியாதபடி மாற்றிய டப்பைத் திரும்பக் கொடுத்து, புரதத்தின் அளவு மீள்கிறதா என்று பாருங்கள். மீளவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். டப்பை மிகையாக வெளிப்படுத்தி மட்டும் செய்த சோதனையை நான் ஆதாரமாகவே எடுப்பதில்லை. இயல்பில் சந்திக்காத புரதத்தில் இருந்துகூட மிகையான டப் யுபிக்விட்டினைக் கழற்றும்.

எவ்வளவு நீக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். யுஎஸ்பி7 என்ற டப் பி53-லிருந்து யுபிக்விட்டினைக் கழற்றி அதை நிலைப்படுத்துகிறது என்று 2002-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வெய் கு குழு காட்டியது. அப்படியானால் யுஎஸ்பி7-ஐ நீக்கினால் பி53 குறைய வேண்டும் அல்லவா? 2004-ல் மரபணுவையே முழுதாக நீக்கிப் பார்த்தபோது பி53 கூடியது. பி53-ஐச் சிதைவுக்கு அனுப்பும் ஈ3 நொதி எம்டிஎம்2-தான், அது தன்மேலேயே யுபிக்விட்டினை ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளது, அதையும் காப்பாற்றி வைத்திருப்பது இதே யுஎஸ்பி7. பாதி குறைத்தால் பி53 இறங்குகிறது, முழுதாக நீக்கினால் எம்டிஎம்2 காலியாகி பி53 ஏறுகிறது. எனவே உங்கள் இலக்குப் புரதத்தின் ஈ3 எது என்று தெரிந்தால் அதன் அளவையும் அதே பிளாட்டில் பாருங்கள், குறைப்பின் அளவை இரண்டு மூன்று படிகளாக வைத்தும் பாருங்கள்.

அடுத்தது வெட்டும் திறன் இழந்த டப். வழக்கமாக மையச் சிஸ்டீனை அலனினாக மாற்றுவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது: பல டப்களில் அந்த அலனின் வடிவம் யுபிக்விட்டினை இயல்பு வடிவத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிடியில் சங்கிலியை மற்றவற்றிடமிருந்து மறைத்துவிடும், நீங்கள் அதை வேறு விளைவாகப் படித்துவிடுவீர்கள். அர்ஜினினாக மாற்றினால் இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, வெட்டும் திறன் இல்லாத வடிவமும் புரதத்தைக் காப்பாற்றினால் சோதனை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓடியூபி1 என்ற டப், யுபிசி13 போன்ற ஈ2 நொதிகளைப் பிடித்து முடக்கி, எதையும் வெட்டாமலேயே யுபிக்விட்டின் ஒட்டுவதைத் தடுக்கிறது.

யுபிக்விட்டினைப் பார்ப்பது

பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போவது இங்கேதான், அதுவும் செல்லை உடைக்கும் முதல் நிமிடத்தில். செல் உடைந்ததும் எல்லா டப்களும் விடுபட்டு, கண்ட சங்கிலியை எல்லாம் வெட்டத் தொடங்கும். ஐஸில் வைத்தால் போதாது. லைசிஸ் பஃபரில் என்-எத்தில்மலெயிமைடு 10 முதல் 20 மில்லிமோலார் இருக்க வேண்டும், அன்றன்றைக்குப் புதிதாக எத்தனாலில் கரைத்தது. தண்ணீரில் கரைத்து வைத்தால் கெட்டுவிடும். அது சிஸ்டீன் நொதிகளை முடக்கும். அதே பஃபரில் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கிகளைச் சேர்த்தால் அவை என்-எத்தில்மலெயிமைடைத் தின்றுவிடும், பஃபர் வெறும் தண்ணீருக்குச் சமம். முன்னால் சொன்ன ஜாம் குடும்பத்துக்கு இது ஏறாது, அதற்கு துத்தநாகத்தைப் பறிக்கும் ஈடிடிஏ அல்லது பீனாந்த்ரோலின் வேண்டும். நிக்கல் பீட்ஸ் வைத்து இழுக்கப் போகிறீர்கள் என்றால் ஈடிடிஏ நிக்கலையும் பறித்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட உறுதியானது, புரதங்களின் மடிப்பையே குலைத்துவிடும் சோப்பான எஸ்டிஎஸ், அதுவும் சூடாக. செல்லை நேராக 1 சதவீத எஸ்டிஎஸ்ஸில் உடைத்து 95 டிகிரியில் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். டிஎன்ஏ வெளியே வந்து கரைசல் சளி மாதிரி இழுக்கும். சோனிகேட்டர் வைத்தோ மெல்லிய ஊசியில் இழுத்துத் தள்ளியோ உடையுங்கள். பிறகு எஸ்டிஎஸ் இல்லாத பஃபரில் பத்து மடங்கு நீர்த்து, ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைப் பிரித்தெடுங்கள். இவ்வளவு பாடு எதற்கு என்றால், மிதமான பஃபரில் உங்கள் புரதத்தோடு அதன் கூட்டாளிகளும் ஒட்டிக்கொண்டு வரும், பிளாட்டில் தெரியும் புகை மூட்டம் போன்ற கறை அவற்றின்மேல் இருக்கும் யுபிக்விட்டினாக இருக்கலாம். கறை எங்கே தொடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். உங்கள் புரதம் 70 கிலோடால்டன் என்றால் அதன் யுபிக்விட்டின் வடிவங்கள் அதற்கு மேலேதான் வர முடியும். 50-லேயே கறை தொடங்கினால் அது உங்கள் புரதம் அல்ல, அல்லது முழுப் புரதம் அல்ல.

டப்பை நீக்கிய செல்லில் மொத்தப் புரதம் குறைந்திருக்கும், அதனால் எல்லா மாதிரியிலும் புரோட்டியசோமைத் தடுத்து, பிரித்தெடுத்த புரதத்தின் அளவைச் சமப்படுத்திய பிறகே யுபிக்விட்டினை ஒப்பிடுங்கள். தடுப்பதையும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் முடியுங்கள், நீண்டால் செல்லில் தனி யுபிக்விட்டின் தீர்ந்துபோய் எல்லா அளவும் கோணலாகும்.

அப்புறம் சங்கிலியின் வகை. கே48, கே63 ஆன்டிபாடிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட சங்கிலியை மட்டும் வெட்டும் டப்களையே கத்தரிக்கோலாக வைத்தும் சோதிக்கலாம்: ஓடியூபி1 கே48-ஐ வெட்டும், ஆம்ஷ் கே63-ஐ, ஓட்டூலின் மெத்தியோனின் வழிச் சங்கிலியை. எந்த நொதி போட்டால் கறை மறைகிறதோ அதுதான் சங்கிலி. கே48 வரவில்லை என்றால் புரத ஆயுள் என்ற கருதுகோளையே திரும்பப் பாருங்கள். சிஒய்எல்டி என்ற டப் கே63 சங்கிலியையும் மெத்தியோனின் வழிச் சங்கிலியையும் வெட்டி, அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பாபி சமிக்ஞையை அணைக்கிறது. அது பழுதானால் தோலில் கட்டிகள் வரும், அங்கே புரதம் நிலைப்பதா என்பது கேள்வியே அல்ல. ஓட்டூலின் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கடும் அழற்சி வருவதும் இதே வகை. பிஏபி1 என்ற டப், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்2ஏ புரதத்தில் இருக்கும் ஒற்றை யுபிக்விட்டினைக் கழற்றி மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகிறது, அதை இழந்தால் மீசோதீலியோமா, கண் மெலனோமா போன்ற புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு கூடும். புரோட்டியசோமுக்குள்ளேயே இருக்கும் ஆர்பிஎன்11 இன்னும் நேரெதிர்: அது சங்கிலியை வெட்டினால்தான் புரதம் உள்ளே போய்ச் சிதையும்.

கடைசியாகத் தூய்மைப்படுத்திய டப்பையும் யுபிக்விட்டின் ஏறிய புரதத்தையும் குழாயில் கலந்து நேரடியாகக் கழற்றுகிறதா என்று பாருங்கள், அதன் பக்கத்தில் திறன் இழந்த வடிவம்.

மருந்து வைத்துச் சோதிக்கும்போது

பிஆர்-619 பல டப்களை ஒன்றாகத் தடுக்கும், அதை வைத்து ஒரு டப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பழைய தடுப்பான்கள் பலவும் அப்படித்தான். யுஎஸ்பி7-ஐத் தனித்துத் தடுக்கும் மூலக்கூறுகள் 2017 முதல் இருக்கின்றன. எதை எடுத்தாலும் இரண்டு சோதனை தவறாமல் செய்யுங்கள். ஒன்று, வெட்டும் மையத்தில் பிணைந்துகொள்ளும் யுபிக்விட்டின் புரோபைப் போட்டால் டப்பின் பேண்ட் ஏறக்குறைய ஒரு யுபிக்விட்டின் எடைக்கு மேலே நகரும். மருந்து உண்மையில் மையத்தை அடைத்திருந்தால் அந்த நகர்வு நிற்கும். இரண்டு, அந்த டப் இல்லாத செல்லிலும் மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் உங்கள் புரதம் குறைந்தால் மருந்து வேறெதையோ தொடுகிறது.

டப்பைத் தடுப்பதற்குப் பதில் அழைத்து வருவதும் இப்போது நடக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் சரியாக மடியாத சிஎஃப்டிஆர் புரதத்தைச் செல் அவசரமாகச் சிதைத்துவிடுகிறது. 2022-ல் ஓடியூபி1-ஐப் பிடிக்கும் ஒரு மூலக்கூறையும் சிஎஃப்டிஆரைப் பிடிக்கும் ஒரு மருந்தையும் ஒன்றாகப் பிணைத்து, டப்பை அந்தப் புரதத்தின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி அதன் அளவைக் கூட்டினார்கள். இதுபோல ஒன்றை நீங்கள் சோதித்தால் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகவும் செல்லில் கொடுங்கள், பிணைக்காமல் இரண்டையும் கலந்தும் கொடுங்கள், ஓடியூபி1 நீக்கிய செல்லிலும் பாருங்கள். பிணைந்த மூலக்கூறு மட்டும், டப் இருக்கும் செல்லில் மட்டும் வேலை செய்தால்தான் அது டப்பின் வேலை.