ஈக்கடி தாங்கும் மாட்டைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது எப்படி?

கட்டுத்தரையில் காங்கேயம் பசு நிதானமாக அசைபோடும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் ஜெர்சி கலப்பினம் காலை உதறிக்கொண்டு தீவனத்தை விட்டு விலகும். காரணம் உடம்பிலேயே இருக்கிறது. நாட்டு மாட்டின் முடி குட்டையாக, வழுவழுப்பாகப் படிந்திருக்கும். தோல் தளர்வாக இருக்கும். அதன் முதுகை வைக்கோல் துரும்பால் லேசாகத் தொட்டால் தொட்ட இடம் சட்டென்று சிலிர்க்கும். உட்காரும் ஈயை விரட்டுவது அந்தத் தோலடித் தசைதான். மாட்டுக்கு மாடு உடல் வாசனையும் வேறுபடும். ஈக்குப் பிடிக்காத வாசனையுள்ள பசு எந்த இனத்திலும் உண்டு. இவை ஓரளவு கன்றுக்கும் இறங்கும்.

ஆகவே இனத்தைக் காளை வழியாகவும், தனி மாட்டைத் தாய் வழியாகவும் பாருங்கள்.

முதலில் ரத்தக் கணக்கு. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி காளையின் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டால் கன்றில் ஜெர்சி ரத்தம் 50 சதவீதம். அந்தக் கிடேரிக்கும் ஜெர்சியே போட்டால் 75, அடுத்த தலைமுறையில் 87.5. குறிப்பு எழுதாமல் சினை ஊசி போட்டு வரும் வீடுகளில் இப்படித்தான் மூன்றே தலைமுறையில் நாட்டுத் தன்மை கரைந்து போகிறது. 50 சதவீத மாட்டுக்கு 50 சதவீதக் கலப்பினக் காளையின் ஊசியே போதும். 75-ஐத் தொட்டுவிட்ட மாட்டுக்கு நாட்டுப் பால் இனங்களான சாஹிவால் அல்லது கிர் போட்டால் கன்றில் ஜெர்சி 37.5 ஆக இறங்கும். காங்கேயமும் போடலாம், ஆனால் பால் நன்றாகவே குறையும். பாலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அதை நாங்கள் சொல்லமாட்டோம். ஊசிக் குழாயில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணையும் இனத்தையும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். தகப்பன் காளையின் ஊசியே மகளுக்கும் போகாமல் தடுப்பதும் இந்தக் குறிப்புதான்.

அடுத்தது எண்ணிக்கை. காலில் தலை மேல்நோக்கி உட்கார்ந்து, ஊசி மாதிரி மூக்கை முன்னால் நீட்டியிருப்பதுதான் கடி ஈ. வீட்டு ஈ கடிக்காது, அதைச் சேர்க்காதீர்கள். வெயில் ஏறுமுன், ஒரு முன்னங்காலின் வெளிப்பக்கத்தையும் மற்றதன் உள்பக்கத்தையும் பார்த்து எண்ணுங்கள். காலுக்கு 5 ஈயைத் தாண்டினால் மாட்டுக்குத் தொந்தரவு அதிகம் என்று பொருள். எல்லா மாட்டையும் ஒரே காலையில் எண்ணி முடிக்க வேண்டும். ஈ மிகுந்த பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவையாவது எண்ணுங்கள். அன்றைய சராசரி 12 என்றால், 5 மட்டும் வைத்திருக்கும் பசுவைத் தாய்க்கு ஏற்றதா என்று கவனியுங்கள். நான்கு தடவையும் சராசரிக்குக் கீழேயே நிற்பதுதான் தாய்க்கு ஏற்றது.

கணக்கு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். எருக்குழிக்கு அருகில் கட்டிய மாட்டில் ஈ கூடுதலாக இருக்கும். அதனால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சில நாள் முன்பே இடத்தை மாற்றிக் கட்டுங்கள். மருந்து தெளித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். கன்றையும் காளையையும் பசுவோடு ஒப்பிடாதீர்கள். கன்றில் ஈ குறைவு, காளையில் அதிகம். வால் குஞ்சம் கத்தரித்த மாட்டின் எண்ணிக்கையும் செல்லாது.

தேர்ந்த பசுவின் கிடேரியை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அது ஈன்ற பிறகு அதையும் இதே முறையில் எண்ணிப் பார்த்தால்தான் தாயின் குணம் இறங்கியதா என்று தெரியும்; அதற்கு மூன்று வருடமாவது ஆகும். பால், மடி, சினை பிடிக்கும் திறன் மூன்றும் சரியில்லாத பசுவை ஈ குறைவு என்பதற்காக மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

இதற்கிடையில் கோமியத்தில் ஊறிய வைக்கோலையும் காடியில் தேங்கிய மிச்சத் தீவனத்தையும் வாரம் ஒருமுறை அள்ளிக் காயவிடுங்கள். கடி ஈ முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க வெயில் காலத்தில் இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். அதற்குள் அள்ளினால் புழுவிலேயே அழியும். தோல் கழலை நோயைக் கடிக்கும் பூச்சிகள் பரப்பும், அது நாட்டு மாட்டையும் தாக்கும். எந்த இனமானாலும் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.