கப்டன் சேருக்கு யார் சொல்வது? பாதுகாப்புத் திட்டத்தை நடத்தும் மூத்த விமானி தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த ஊர்த் தம்பி ஒருவர், வெளிநாட்டில் கப்டனாக இருப்பவர், தன்னுடைய விமான நிறுவனத்தில் விபத்து வராமல் தடுக்கிற பாதுகாப்புத் திட்டப் பொறுப்பைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லி, "அண்ணை, நீங்கள் செய்த வேலைதானே, எதிலயிருந்து தொடங்கிறது?" என்று கேட்டார். எதிலிருந்து தொடங்குவது என்பதைவிட எங்கெங்கே கால் சறுக்கும் என்று சொல்வது எனக்குச் சுலபம், பாதிப் பள்ளத்தில் நானே விழுந்து எழும்பினவன். கோயில் வீதியில் கச்சான் கொறித்துக்கொண்டு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

நன்றாக விமானம் ஓட்டுகிறவன், அதனால் பாதுகாப்பையும் நன்றாக நடத்துவேன் என்று நினைப்பதுதான் முதல் பிழை. கப்டன் என்பதற்கு அடையாளமாகத் தோளில் இருக்கிற நாலு பட்டி உங்களுக்கு இந்தப் பொறுப்பை வாங்கித் தந்திருக்கும். அதே நாலு பட்டிதான் மற்றவர்கள் வாயையும் அடைக்கும். நம் ஊர் ரியூசன் கொட்டிலை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் சேர் கூட்டலில் பிழை விடுகிறார், முன்வாங்கில் இருக்கிற நாலு பேருக்குத் தெரியும், ஆனால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். கொப்பியில் மட்டும் சரியாக எழுதிக்கொள்வார்கள். அந்தக் கொட்டிலில் படித்த பிள்ளைதான் பிறகு துணை விமானியாக உங்கள் வலது பக்கத்தில் வந்து இருக்கிறது.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் தெனெரீஃப் தீவு ஓடுபாதையில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747 ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்தது விமானத்துறையில் எல்லோரும் படிக்கிற பாடம். ஆனால் அதை வானொலித் தொடர்புக் கோளாறு, மூடுபனி என்று மட்டும் படித்தால் போதாது. கேஎல்எம் விமானத்தின் கப்டன் யாக்கப் ஃபான் சான்டன் சாதாரண ஆள் இல்லை, அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவர், விளம்பரத்தில் முகம் போட்டவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி இருக்கிறது என்று ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் கையெழுத்து வைத்தவரே அவர்தான். கப்டன் ஒருதரம் புறப்படுவதற்கு எஞ்சின் விசையைத் தள்ளப் பார்த்தபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நிறுத்தினார். சிறிது நேரத்தில் கப்டன் திரும்பவும் தள்ளினார், இந்தமுறை துணை விமானியால் முன்போல மறிக்க முடியவில்லை. ஓடத் தொடங்கிய பிறகு விமானப் பொறியியலாளர், அந்தப் பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கப்டன் அழுத்திச் சொன்னதோடு அந்தக் கேள்வி முடிந்துபோனது. அறிவு குறைந்த ஆட்கள் அந்தக் கொக்பிட்டில் இருக்கவில்லை. கேள்வி வந்தது, அதற்கு மேல் போக வழியில்லை, அவ்வளவுதான்.

சரி, எனக்கு நடந்ததற்கு வருகிறேன். பொறுப்பெடுத்த புதிதில், உங்கள் பிழைகளையும் கண்ட ஆபத்துகளையும் ரிப்போட்டாக எழுதுங்கள், யாருக்கும் தண்டனை இல்லை என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பினேன். இரண்டாவது கிழமையே ஓர் இளம் துணை விமானி எழுதினான்: இறங்கும்போது ஃப்ளாப்புக்கு (இறக்கையின் பின்பக்கம் இறக்குகிற மடலுக்கு) உரிய உச்ச வேகத்தை ஆறு நொட் தாண்டியபடியே ஃப்ளாப்பை இறக்கிவிட்டேன், கப்டன் கவனிக்கவில்லை, நானே எஞ்சினியரிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அருமையான ரிப்போட். அடுத்த நாள் காலை விமானிகள் அறையில் அவனைக் கண்டதும், ஐந்தாறு பேர் தேத்தண்ணியோடு இருக்கும்போது, தோளில் தட்டி, "என்ன தம்பி, ஸ்பீட் மீற்றர் பார்க்கிறேல்லையோ?" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பணிப்பட்டியலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தத் தளத்திலிருந்து ஒரு ரிப்போட்டும் வரவில்லை. நான் யாரையும் தண்டிக்கவில்லை, கடிதத்தில் எழுதியதை மீறவும் இல்லை. ஒரு வரிப் பகிடி போதுமாக இருந்தது.

அந்த மூன்று மாதமும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நிலைமை நன்றாக இருக்கிறது என்று. இது இரண்டாவது பிழை, முதலாவதைவிட மோசம். ரிப்போட் குறைந்தால் ஆபத்து குறைந்துவிட்டது என்று மேலிடத்துக்குப் பச்சை நிறத்தில் படம் கீறிக் காட்டுவது. எண்ணிக்கை சடாரென்று விழுந்தால், முதலில் கேட்க வேண்டியது ஆட்கள் ஏன் கதைப்பதை நிறுத்தினார்கள் என்பதைத்தான்.

ஆட்கள் ஏன் சொல்வதில்லை, சொன்னதும் ஏன் போய்ச் சேர்வதில்லை என்பதற்கு 1974இல் நடந்த ஒன்றை நான் எப்போதும் சொல்வேன். அந்த வருடம் டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்குப் பக்கத்தில் டீடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்குவதற்கான அனுமதியைப் பிழையாக விளங்கிக்கொண்டு நேரத்துக்கு முன்பே கீழே வந்துவிட்டார்கள். அதற்கு ஏறக்குறைய ஆறு கிழமைக்கு முன், யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே பிழையைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்கவில்லை, தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள், நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. பக்கத்து நிறுவனத்துக்கு அது போகவில்லை. இதற்குப் பிறகு அமெரிக்காவில் ரகசியமாக ரிப்போட் செய்கிற முறை ஒன்றைக் கொண்டுவந்தபோது, லைசென்ஸைப் பிடுங்கக்கூடிய அதிகார சபையிடம் ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று விளங்கி, 1976இல் அதை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவால் யாருடைய வேலையையும் எடுக்க முடியாது, பெயரையும் நீக்கிவிட்டுத்தான் பாடத்தை வெளியிடும்.

இதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தவனையும், தெரிந்தே விதியை மீறுகிறவனையும், கவனம் தப்பி ஏதோ ஒன்றை விட்டுவிட்ட ஆளையும் ஒரே தராசில் போடக்கூடாது. எது மன்னிக்கப்படும், எது மன்னிக்கப்படாது என்ற கோட்டைச் சம்பவம் நடப்பதற்கு முன்பே எழுதி, நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரி கையெழுத்து வைக்க வேண்டும். நடந்த பிறகு கோடு கீறினால் அது ஆளைப் பார்த்துக் கீறினதாகத்தான் இருக்கும்.

பதில் எழுதாமல் விடுவதும் ஒரு பெரிய பிழை. ரிப்போட் வந்தால் இரண்டு நாளுக்குள், கிடைத்தது, இன்னார் பார்க்கிறார் என்று ஒரு வரி. முடிந்த பிறகு என்ன செய்தோம் என்று இரண்டு வரி, ஒன்றும் செய்யவில்லை என்றால் ஏன் செய்யவில்லை என்று. தபாலில் போட்ட கடிதத்துக்கு மூன்று தரம் பதில் வராவிட்டால் நான்காவதை யார் எழுதுவார்கள்?

பறக்கும்போது வேகம், உயரம் என்று விமானத்தில் இருக்கிற கருவி பதிந்துவைக்கிற பறப்புத் தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களை ஓட்டுகிறவர்கள் அந்தத் தரவை ஆராய வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து வருகிற ஏடிஆர் 72 ரகம் ஏறக்குறைய 23,000 கிலோதான், அதற்கு அது கட்டாயமில்லை, பரிந்துரை மட்டும். கட்டாயமில்லையே என்று விடுவது ஒரு தவறு, எடுத்துவைத்துப் பிரம்பாகப் பாவிப்பது அதைவிடப் பெரிய தவறு. தரவில் ஒரு கடினமான தரையிறக்கம் தெரிந்தவுடன் ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டால், அடுத்த மாதம் எல்லோரும் மெத்தென்று இறக்கப் பார்த்து, ஓடுபாதையின் பாதித் தூரம் வரை மிதந்துகொண்டு போவார்கள். குறுகிய ஓடுபாதையில், மழையில், எது ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை. பெயர் தெரியாமல் ஐம்பது இறக்கங்களை ஒன்றாகப் பார்த்தால்தான் அது ஆளின் பிழையா, அந்த ஓடுபாதைக்கு வருகிற முறையில் உள்ள பிழையா என்று தெரியும்.

அப்புறம், கொக்பிட் கண்ணாடிக்கு வெளியே பார்க்காத வியாதி. விமானி நடத்துகிற திட்டம் விமானிகளைப் பற்றியதாகவே போய்விடும், எனக்கும் அப்படித்தான் போனது. ஊருக்குத் திரும்பிவந்து பலாலிப் பக்கம் சைக்கிளில் திரிகிறபோதுதான் இது எனக்கு நன்றாக உறைத்தது. செம்மண்ணை உழுகிற டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக வரும். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் கழிவு கிடந்தால் காகமும் பருந்தும் சும்மா இருக்குமா? தைப்பொங்கலை ஒட்டி வாடைக்காற்றில் பெடியள் விண் கட்டின பட்டத்தை ஏற்றிவிட்டு, இரவில் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு நித்திரைக்குப் போய்விடுவார்கள். விடிய விடிய அது வானத்தில் கூவிக்கொண்டு நிற்கும். நானும் சின்ன வயதில் அப்படிக் கட்டிவிட்டுப் படுத்தவன்தான். எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அப்போது யார் யோசித்தது? பறவையும் பட்டமும் விமானத்தின் வழியில் வந்தால் ஆபத்து, ஆனால் இவை ஒன்றும் சிமுலேற்றரில் வராது. இப்படி ஓர் இடத்துக்கு விமானம் அனுப்புகிற நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர், குளிரூட்டிய அறையில் இருந்து எழும்பி, வலிகாமம் வடக்கு பிரதேச சபையில் குப்பை எங்கே கொட்டுகிறார்கள் என்று விசாரிக்கத்தான் வேண்டும், வல்வெட்டித்துறையில் பட்டம் கட்டுகிறவர்களோடு ஒரு பின்னேரம் இருந்து கதைக்கத்தான் வேண்டும்.

பொதி ஏற்றுகிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். விமானத்தின் வயிற்றில் தள்ளுவண்டி முட்டின பள்ளத்தை முதலில் காண்கிறவர் அவர்தான். ஆங்கிலத்தில் இருபது கேள்வி உள்ள படிவத்தை அவரிடம் நீட்டினால் அவர் ஏன் நிரப்பப் போகிறார்? தமிழிலோ சிங்களத்திலோ வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

ஓடிட் வருகிற கிழமை மட்டும் உயிர் பெறுகிற கோப்புகளைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2013இல் ஐகாவோ பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கென்றே பின்னிணைப்பு 19ஐ நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, எந்த நிறுவனத்திலும் தடித்த கைநூல் ஒன்று இருக்கும். வேறொரு நிறுவனத்தின் கைநூலில் பெயரை மட்டும் மாற்றி, தங்களிடம் இல்லாத விமான ரகத்தின் ஆபத்துகளையும் சேர்த்துப் பட்டியல் போட்டிருந்ததை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தம்பியிடம் கடைசியாகத்தான் கேட்டேன், ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டியது: நீங்கள் இப்போதும் செக் கப்டனாக, மற்ற விமானிகளைச் சோதித்துத் தகுதி கொடுக்கிறவராக, இருக்கிறீர்களா? ஆம் என்றார். அதுதான் நானும் விட்ட பிழை. திங்கட்கிழமை ஒருவனுடைய தகுதிப் படிவத்தில் கையெழுத்து வைக்கிறவரிடம், செவ்வாய்க்கிழமை அவன் வந்து தன் பிழையைச் சொல்லுவானா? நான் எவ்வளவு நல்லவன் என்பது அவனுக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டான். இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். நான் ஒன்றரை வருடம் கழித்துத்தான் செக் கப்டன் வேலையைக் கொடுத்தேன். அந்த மாதமே என் பெயரைப் போட்டு என்னுடைய பிழை ஒன்றையும் ரிப்போட்டாக எழுதி எல்லோருக்கும் போக விட்டேன், ஆயிரம் அடியில் வேகம் அடங்காமலே இறங்கப் போனது, திரும்ப மேலே எழும்பியிருக்க வேண்டியது, எழும்பவில்லை. ஃப்ளாப் பெடியன் அதைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த கிழமை அவனிடமிருந்து ஒரு ரிப்போட் வந்தது. செக் கப்டன் வேலைக்குக் கிடைத்த படிப்பணம் போனதில் சம்பளம் குறைந்ததால், வீட்டில்தான் கொஞ்ச நாள் என்னோடு கதை இல்லை.